வெயில் நமக்குப் புதிதா என்று கேட்காதீர்கள்!



“வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ஐரோப்பா வெயில் நம்மை என்ன செய்துவிடும்?” வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு ஜூலை, ஆகஸ்டில் பாரிஸ், ரோம் என்று புறப்படும் பலர் கேட்கும் கேள்வி இது. பாகான் டத்தோவில் தென்னை மர நிழலில் அமர்ந்து கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால், 2003ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவில் 70,000 பேருக்கு மேல் வெப்பத்தால் மாண்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர். பெரும்பாலோர் முதியவர்கள். 2022 ஜூலை 19இல் இங்கிலாந்திலேயே வெப்பம் 40.3 டிகிரியைத் தொட்டது. 1998இல் நம் பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவானது 40.1 டிகிரி!

அங்குள்ள பழைய கட்டடங்கள் குளிருக்காகக் கட்டப்பட்டவை. பகலில் ஏறிய சூடு இரவிலும் இறங்காது. பல தங்கும் விடுதிகளில் குளிர்சாதன வசதி இல்லை. முன்பதிவின்போதே கேட்டு உறுதி செய்யுங்கள்.

இங்கே வியர்த்தால் சட்டை நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். அங்கே காற்று வறண்டிருந்தால் வியர்வை உடனே காய்ந்துவிடும். உடலில் நீர் குறைவதே தெரியாது. முதியவர்களுக்கோ தாக உணர்வும் குறைவு. ஆகவே, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். இருதய, சிறுநீரக நோயாளிகளும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் எவ்வளவு நீர் பருகலாம் என்று புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: மாலை நான்கு மணிக்கு வெயில் தணியும் என்று எண்ணாதீர்கள். ஜூலை தொடக்கத்தில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி நெருங்கிவிடும். மாலை நான்கிலிருந்து ஆறுவரைதான் உச்ச வெப்பம்.

பால் மரம் வெட்டிய நம் பெரியவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் வெட்டை முடித்தார்கள். அந்தக் கணக்கே அங்கும் உதவும். காலையில் சுற்றிப் பாருங்கள். பிற்பகலில் அருங்காட்சியகம், பழைய தேவாலயம் போன்ற குளுமையான இடங்களில் இருங்கள். 2023 ஜூலையில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸையே நண்பகலில் மூடினார்களே! ரோம் நகரின் தெருக் குழாய்களில் நல்ல குடிநீர் இலவசமாகவே கிடைக்கும். காலிப் புட்டியைக் கையோடு வைத்திருங்கள்.

உடல் கொதித்து, பேச்சு குழறி, தடுமாறினால் அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. உடனே 112ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நனைத்து, விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆயுள் முழுதும் வெயிலில் உழைத்த பெற்றோரை ஊர் காட்ட அழைத்துச் செல்கிறோம். ஓர் இடம் பார்க்காமல் விட்டுப்போனால் பரவாயில்லை. அவர்களைச் சுகமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பதே முக்கியம்.