மந்தையா, அணியா?

(ஆலைத் தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



சினிமாவைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். உழைத்த காசைக் கொடுத்து நாம் பார்ப்பது சினிமா. நம் பிள்ளைகள் பார்த்துப் பேசுவதும் சினிமா. அதைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

இன்று எடுத்துக்கொண்டது 'ஜுண்ட்' என்ற ஹிந்திப் படம். 2022 மார்ச் 4-ந் தேதி வெளிவந்தது. எடுத்தவர் நாகராஜ் மஞ்சுளே. கல்லுடைத்துப் பிழைக்கும் வடார் சமூகத்தில் பிறந்தவர். மராட்டியில் 'சைராட்' எடுத்துப் பேர் வாங்கியவர். ஜுண்ட் என்றால் மந்தை என்று அர்த்தம்.

கதை நடப்பது நாகபுரியில். 1877-ல் எம்பிரஸ் மில் தொடங்கிய ஊர் அது. 1956 அக்டோபர் 14-ல் டாக்டர் அம்பேத்கர் லட்சக்கணக்கான ஜனங்களோடு பௌத்தம் தழுவியதும் அங்கேதான். எம்பிரஸ் மில்லின் சங்கு இப்போது ஊதுவதில்லை. மில் மூடினால் தொழிலாளியின் பிள்ளை எங்கே போய் நிற்பான்? படம் இதைச் சொல்லவில்லை, நாம் சொல்லுகிறோம்.

படத்தில் வரும் பையன்கள் ரயிலில் கரி திருடுகிறார்கள். கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். போதையில் கிடக்கிறார்கள். அவர்களுடைய குடிசைகளுக்கும் பெரிய கல்லூரி ஒன்றுக்கும் நடுவே ஒரு மதில். மழை நாளொன்றில் அவர்கள் பிளாஸ்டிக் டப்பாவைப் பந்தாக உதைத்து ஆடுவதைக் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் பார்த்துவிடுகிறார். பிறகு ஒரு கால்பந்தோடு வந்து, அரைமணி ஆடினால் 500 ரூபாய் என்கிறார். காசுக்கு வந்த பையன்கள், காசு நின்ற பின்னும் பந்தை விடவில்லை.

இது வெறும் கற்பனையல்ல. நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் விஜய் பார்ஸே 2001-ல் தொடங்கிய சேரிக் கால்பந்துதான் மூலம். படத்தில் ஆசிரியராக வருபவர் அமிதாப் பச்சன். பையன்களில் அநேகர் நாகபுரித் தெருக்களிலிருந்து வந்தவர்கள். அதற்கு முன் நடித்தறியாதவர்கள். அமிதாப் ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிடும் இடங்கள்தாம் படத்தில் நன்றாக இருக்கின்றன. அம்பேத்கர் ஜயந்தியன்று பையன்கள் ஆடிப் பாட, அவர் அம்பேத்கர் படத்தின் முன் கைகூப்பி நிற்கிறாரே, அந்தக் காட்சியும் அப்படித்தான். ஹிந்தி சினிமாவின் பெரிய நட்சத்திரம் அந்தப் படத்தின் முன் நிற்க எத்தனை வருஷம் ஆயிற்று, பாருங்கள்!

சாதாரண விளையாட்டுப் படமாக இருந்தால் கடைசி நிமிஷத்தில் ஒரு கோல், கைதட்டல், சுபம். இங்கே சேரிப் பையன்கள் கல்லூரி அணியை ஜெயிப்பது பாதிப் படத்திலேயே முடிந்துபோகிறது. பின்பாதி ஆட்டம் மைதானத்தில் அல்ல, ஆபீஸ்களில் நடக்கிறது!

வீடற்றவர்களுக்கென்று ஒரு உலகக் கோப்பைக் கால்பந்து இருக்கிறது. 2003-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தொடங்கியது. பக்கத்துக்கு நாலு பேர். பாதிக்கு ஏழு நிமிஷம், ஆக 14 நிமிஷத்தில் ஆட்டம் தீர்ந்துவிடும். அந்த 14 நிமிஷத்துக்காகக் கடல் கடந்து போகவேண்டும். போக பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு, இன்னார்தான் நான் என்று காட்டக் காகிதம் வேண்டும். மோனிகா என்ற ஆதிவாசிப் பெண்ணிடம் ஒரு காகிதமும் இல்லை. தகப்பனும் மகளும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார்கள். எதிரே நிற்கிற மனுஷியைக் கண்ணால் கண்டும், 'நீ இருக்கிறாய் என்பதற்கு அத்தாட்சி எங்கே?' என்று கேட்கிற மேஜையை, முதியோர் பென்ஷனுக்கும் பி.எப். பணத்துக்கும் அலைந்த நமக்குத் தெரியாதா? கோல் போடும்போது அடிக்காத கை, அந்த இடத்தில் முஷ்டி பிடிக்கிறது.

டான் என்ற பையன்மேல் போலீஸ் கேஸ் இருக்கிறது. திருந்த நினைப்பவனைப் பழைய சண்டை துரத்துகிறது. இவர்களை மந்தை என்று சொல்லாதீர்கள், அணி என்று சொல்லுங்கள் என்று ஆசிரியர் ஓரிடத்தில் திருத்துகிறார். நம்மையும் கும்பல் என்றுதானே எழுதுகிறார்கள்? கூலி கேட்டு நாலு பேர் சேர்ந்து நின்றால் கும்பல். கிளப்பில் நாலு பேர் சேர்ந்தால் பிரமுகர்கள்!

குறை இல்லாமலில்லை. நல்ல மனம் படைத்த ஒரு வாத்தியார் வாய்த்ததால் இந்தப் பையன்கள் தப்பினார்கள். வாய்க்காத சேரியில்? மூன்று மணி நேரப் படத்தில் இந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். ஆசிரியரின் நல்ல குணத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிய நேரத்தைக் குறைத்திருந்தாலே போதும்.

ஆனால் முடிவில் மஞ்சுளே ஏமாற்றவில்லை. விமான நிலையச் சோதனையில் இயந்திரம் கத்துகிறது. டான் தன்னிடமிருந்த பிளேடைக் குப்பையில் போடுகிறான். விமானம் ஏறிப் போகிறது. கீழே மதில் அப்படியே நிற்கிறது, தாண்டக்கூடாது என்ற எச்சரிக்கையோடு. போனவர்கள் ஒரு அணி. மதிலுக்கு இந்தப்புறம் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்?

பார்க்காத தோழர்கள் குடும்பத்தோடு பாருங்கள். பார்த்தவர்கள் இப்போது எழுந்து பேசலாம். வீட்டில் இந்த வயதுப் பிள்ளையை வைத்திருப்பவர்கள் முதலில் பேசட்டும்.