ஜீயபுரம் வழியே செல்லும் திருச்சி–கரூர் சாலையின் வரலாறு

திருச்சிராப்பள்ளியிலிருந்து குடமுருட்டிப் பாலத்தைக் கடந்து, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம், திருப்பராய்த்துறை, பெட்டவாய்த்தலை, குளித்தலை, மாயனூர் ஆகிய ஊர்களின் வழியாகக் கரூரை அடையும் சாலை, காவிரியின் தென்கரையை ஒட்டியே பெரும்பாலும் செல்கிறது. இத்தடத்தைத் தீர்மானித்தவர்கள் பொறியாளர்கள் என்பதைவிட, ஆறும் அதன் வாய்க்கால்களுமே என்பது அதன் வரலாற்றைப் பார்க்கும்போது தெளிவாகும்.

சோழர் தலைநகரான உறையூர், இன்றைய திருச்சி மாநகருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சேரரின் வஞ்சியாகப் பல அறிஞர்கள் கருதும் கரூரில், அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து உரோம நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டைக் கடந்து காவிரிச் சமவெளிக்கு வருவதற்கு ஆற்றோரமே இயல்பான வழியாக அமைந்தது.

பின்னர் இவ்வழியின் ஓரத்தில் பாசன வேளாண்மை வேரூன்றியது. முதலாம் இராசராசனின் பட்டப்பெயரைத் தாங்கிய உய்யகொண்டான் வாய்க்கால், பெட்டவாய்த்தலை அருகே காவிரியில் பிரிந்து திருச்சியை நோக்கிப் பாய்வதால், வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பகுதி நெல்லும் வாழையும் விளையும் நஞ்சையாயிற்று. ஜீயபுரத்தை அடுத்த முக்கொம்பில், கொள்ளிடம் காவிரியிலிருந்து பிரிந்து திருவரங்கத் தீவு தொடங்குகிறது. அங்கே தண்ணீரைப் பங்கிடுவதற்காக ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். அவ்வணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 அன்று இடிந்தன. அதன்பின் அங்குப் புதிய கதவணை கட்டப்பட்டது.

1860களில் திருச்சியிலிருந்து கரூர் வழியாக ஈரோட்டுக்கு இருப்புப்பாதை அமைத்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நிறுவனமும் இதே தென்கரையையே தேர்ந்தெடுத்தது. இதனால் ஆறு, சாலை, தண்டவாளம், வாய்க்கால் ஆகிய நான்கும் அருகருகே நெருங்கி ஓடும் அமைப்பு உருவானது. விடுதலைக்குப் பின் 67ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதியாக இருந்த இச்சாலை, 2010ஆம் ஆண்டின் எண் சீரமைப்பில், கோயம்புத்தூரையும் சிதம்பரத்தையும் இணைக்கும் 81ஆம் எண் நெடுஞ்சாலையாயிற்று.

எண் மாறியபோதும் தடம் மாறவில்லை; ஒரு புறம் ஆற்றங்கரையும் மறுபுறம் தண்டவாளமும் நெருக்குவதால், ஜீயபுரத்துக்கும் திருச்சிக்கும் இடையே சாலையை அகலப்படுத்துவது எளிதன்று. திருச்சி மாநகருக்குக் குடிநீர் எடுக்கும் கிணறுகளும் கம்பரசம்பேட்டைப் பகுதி ஆற்றுப் படுகையில் இருப்பதால், எந்த விரிவாக்கத் திட்டமும் ஆற்றையும் வாய்க்காலையும் சிதைக்காமல் வகுக்கப்பட வேண்டும்; சாலையை இங்கே கொண்டுவந்த நீரை இழந்துவிட்டுச் சாலையை மட்டும் விரிப்பது எவ்வகையிலும் வளர்ச்சி ஆகாது.