மேடையேறாத பேச்சு



மேடையேறாமலே போன ஒரு பேச்சைப் பற்றி இன்று நாம் பேச விழைகிறோம். 1936 ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை வகிக்குமாறு லாகூரிலிருந்த சாதி ஒழிப்புச் சங்கமொன்று டாக்டர் அம்பேத்காரை அழைத்தது. அழைத்தவர்கள் பழைமைவாதிகள் அல்லர். சீர்திருத்தம் வேண்டிநின்ற மேற்சாதி இந்துக்கள். உரையின் படியைக் கண்டதும் அவர்களுக்கே கலக்கம் பிறந்தது. வேத சாஸ்திரங்களைத் தொட்ட பகுதிகளை நீக்கும்படி வேண்டினர். ஒரு காற்புள்ளியையேனும் மாற்ற அவர் இணங்கவில்லை. மாநாடே கைவிடப்பட்டது.

எதற்கு அஞ்சினார்கள்? தாழ்த்தப்பட்டவர் ஒருவர் தம் துயரைச் சொல்லி அழுதிருந்தால் சபையோரும் கண்ணீர் சிந்தியிருப்பர். இவரோ நூல்களைப் புரட்டி, சாதியின் வேர் சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்று நிறுவ வந்தார். இரங்குவது எளிது, நண்பர்களே. விடை சொல்லுவதல்லவா கடினம்!

இதிலே ஒரு விந்தையும் உண்டு. பாடசாலையில் அவருக்குச் சமஸ்கிருதம் படிக்க இடந்தரவில்லை. பாரசீகமே படிக்க நேர்ந்தது. மிஷன் பாடசாலையிற் படித்த எமக்குத் தேவாரத்தையோ விவிலியத்தையோ திறக்காதே என்று எவரும் சொன்னதில்லை. அதனாலேதான் அந்தத் தடையின் கொடுமை எமக்கு மெல்லவே விளங்கிற்று.

படிப்பு வந்தால் மதிப்புத் தானே வரும் என்பார்கள் எம் வீட்டுப் பெரியோர். பரோடா மன்னரின் உதவியோடு 1913 இல் நியூயோர்க் சென்று கொலம்பியா சர்வகலாசாலையிலும், பின் லண்டனிலும் பயின்றவர், 1917 இல் பரோடாவில் உத்தியோகம் ஏற்றபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியொன்றிலே வேறு பெயரோடு தங்கினார். தடியேந்திய கூட்டமொன்று வந்து அங்கிருந்தும் வெளியேற்றியது.

எம் சங்கத்திலும் உரைகளை முன்கூட்டிப் பார்ப்பது வழக்கம். இவ்வுரையிலே ஒரு சொல்லும் வெட்டாத செயலாளருக்கு நன்றி.

தடுக்கப்பட்ட உரையை அம்பேத்கார் அவ்வாண்டே தம் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். விலை எட்டணா. காந்தியடிகள் ‘ஹரிஜன்’ இதழிலே அதை மறுத்து எழுதினார். ஆயினும் உரையைத் தடுத்தது தவறு என்றார், விலையைக் குறைக்கலாமென்றும் சொன்னார். 1937 இல் இரண்டாம் பதிப்பு வந்தது. காந்தியடிகளின் மறுப்பையும் அம்பேத்கார் அதிலே சேர்த்து அச்சிட்டு, அதனருகே தம் பதிலை வைத்தார்.