சொன்னவன் யார்?
(புதூர்நாட்டில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



இம்மலைமீது வந்து முஸ்லிம் பண்டிதர்களின் கலை ஒன்றைப் பற்றி நாம் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். அக்கலை தூர தேசத்துச் சரக்கல்ல. மலைக்குக் கீழே, ஆம்பூர்ப் பக்கத்து உமராபாத்தில் 1924-ல் ஏற்பட்ட தாருஸ்ஸலாமிலும், வேலூர் பாக்கியாத்திலும் அது இன்றும் பாடமாய் நடக்கிறது. அதில் நமக்கும் படிப்பினை உண்டு.

நபி சொன்னதாகவோ செய்ததாகவோ வரும் செய்திக்கு ஹதீஸ் என்று பெயர். சுன்னி அறிஞர்கள் செய்தியோடு நிற்காமல், யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலியையும் கேட்டார்கள். ஒவ்வொரு கண்ணியையும் பிடித்து, இவன் நாணயஸ்தனா, ஞாபகசக்தி உள்ளவனா, கேட்டதாகச் சொல்லும் ஆளைச் சந்தித்திருக்க முடியுமா என்று விசாரித்தார்கள். பெரிய பக்திமானானாலும் ஞாபகம் கெட்டவனென்றால் அவன் சாட்சியம் பலவீனமே. 1449-ல் காலமான இப்னு ஹஜர் அறிவிப்பாளர்களை 12 படிகளாகப் பிரித்தார். நபித்தோழர் முதற்படி, பொய்யன் கடைசிப்படி. முதற்படியாரின் நாணயத்தை மட்டும் அவர்கள் விசாரிப்பதில்லை. அது நம்பிக்கையின் பாற்பட்டது. நாம் ஒப்ப வேண்டியதில்லை.

சரி, விசாரிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே தராசா பிடித்தார்கள்? இல்லை. 1348-ல் இறந்த தஹபீ என்பவர், விசாரணைக்காரர்களிலேயே கடுமையானவர், நடுநிலையாளர், தாராளக்காரர் என்று மூன்று வகை உண்டென்றார். யஹ்யா இப்னு மயீன் கடுமைக்காரர். ஹாக்கிம் தாராளக்காரர், அவர் சரியென்று எழுதியதில் பலவற்றைத் தஹபீயே மறுத்தார். 965-ல் இறந்த இப்னு ஹிப்பானோ, ஒருவனைப் பற்றிக் குறை ஏதும் தெரியாவிட்டால் அவனை நம்பிக்கையானவர் பட்டியலில் சேர்த்துவிடுவார் என்று பின்வந்தோர் குறை கூறினர். குறை தெரியாமலிருப்பது வேறு, யோக்கியதை ருசுவாவது வேறு அல்லவா? முன்பின் தெரியாதவன் விற்கும் சாமை விதையை, அவனைப் பற்றிக் கெட்டதாகக் கேட்டதில்லை என்பதற்காக நீங்கள் வாங்குவீர்களா?

இன்னொரு தாராளமும் உண்டு. சட்ட விஷயத்தில் கண்டிப்பு. புண்ணியத்தைத் தூண்டும் செய்தியானால் கொஞ்சம் இளக்கம். அஹ்மத் இப்னு ஹன்பலே இப்படிச் சொன்னதாகக் கூறுகிறார்கள். "நல்லதற்குத்தானே" என்ற இந்த வாசலில்தான் ஆபத்து நுழைகிறது. நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர், ஜனங்கள் குர்ஆனை விட்டு வேறு படிப்பில் இறங்குகிறார்களே என்று வருந்தி, அதன் அத்தியாயங்களின் மகிமையைப் பற்றிச் செய்திகளைத் தாமே கட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டார் என்று அக்கலை நூல்களே கூறுகின்றன. நல்லெண்ணப் பொய்யும் பொய்தான். அதனாலேயே பின்வந்தோர், செய்தி மிகப் பலவீனமாயிருக்கலாகாது, ருசுவான விதியொன்றன்கீழ் அடங்க வேண்டும், நபி சொன்னதே என்று நிச்சயமாய் நம்பலாகாது என மூன்று நிபந்தனை விதித்தார்கள்.

தோழர்களே! ஒரு மதத்துக்குள்ளிருந்த பண்டிதர்களே தங்கள் நபியின் பேரால் வந்த செய்தியை இவ்வளவு சலித்தார்கள். நாமோ, கைபேசியில் வந்த செய்தியை யார் எழுதியதென்றும் கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். பாம்பு கடித்தால் மந்திரித்தால் போதும், இன்னார் பிழைத்தார் என்கிறார்கள். பார்த்தவன் யார்? கடித்தது விஷப்பாம்புதானா? விஷம் இறங்கியதா? மந்திரித்தும் செத்தவர்கள் எத்தனை பேர்? சொன்னவன் யோக்கியனாயிருந்தாலும் அவன் தவறாய்ப் பார்த்திருக்கலாம். ஆகையால் சொன்னவனையும் விசாரியுங்கள்; சொன்னதையும் விசாரியுங்கள். விசாரித்து முடியும்வரை கடிபட்ட பிள்ளையை வீட்டில் வைத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.