கூட்ஸ் வண்டியில் எத்தனை பங்கு கரி?



சேலம் மாவட்டத்தில் ஓமலூரிலிருந்து மேட்டூர் அணைக்குப் போகும் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. கேட் மூடியிருக்கும். பால் கேன் கட்டிய மொபெட், கோழித்தீவன லாரி, பள்ளிக்கூட வேன் எல்லாம் வரிசையாக நிற்கும். கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து கடந்துபோகும். வேனிலிருக்கும் பிள்ளைகள் சத்தமாகப் பெட்டிகளை எண்ணுவார்கள். ஐம்பத்தெட்டு என்பான் ஒருவன், இல்லை ஐம்பத்தொன்பது என்பாள் இன்னொருத்தி. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகிற நிலக்கரி அது. ஒரு வண்டியில் ஏறத்தாழ 4,000 டன் இருக்கும்.

ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களில் வெட்டிய கரி, ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலில் எண்ணூருக்கு இறங்கி, மறுபடி ரயில் ஏறி நம் ஊருக்கு வருகிறது. இத்தனை கூலி கொடுத்துக் கொண்டுவருகிறோமே, அந்த ஐம்பத்தெட்டு பெட்டியிலும் இருப்பது கரிதானா? இன்றைக்கு அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி நிற்கிறதே, அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றால் பாதி விஷயம் விளங்கிவிடும். இஸ்திரிப் பெட்டியில் கரியைப் போட்டுப் பற்றவைத்தால் முதலில் சடசடவென்று வெடிக்கும், அது ஈரம். அடுத்து புகையும், நீளமான சுவாலையும். அது கரிக்குள் இருந்த வாயுக்கள். புகை அடங்கும்வரை இஸ்திரிக்காரர் துணியில் பெட்டியை வைக்கமாட்டார். அப்புறம் கங்கு மட்டும் நின்று நிதானமாகக் கனியும், அது கார்பன். கடைசியில் அவர் பெட்டியைத் தட்டி உதறுவது சாம்பல். ஈரம், ஆவியாகும் பொருள், நிலைக்கார்பன், சாம்பல் என்கிற இந்த நான்கையும் எடைபோட்டுச் சொல்வதுதான் நிலக்கரி ஆய்வின் முதல் பாடம். ஆய்வகத்தில் இதை ப்ராக்சிமேட் அனாலிசிஸ் என்கிறார்கள்.

செய்முறையும் சிக்கலானதல்ல. கோலமாவு பதத்துக்கு அரைத்த கரியில் ஒரு கிராம் எடுத்து, 108 டிகிரி செல்சியஸ் அடுப்பில் காயவைத்தால் குறைகிற எடை, ஈரம். இன்னொரு கிராமை மூடிபோட்ட சிறு குப்பியில் வைத்து 900 டிகிரியில் சரியாக ஏழு நிமிடம் சுட்டால், எரியாமல் ஈரமும் வாயுக்களும் மட்டும் வெளியேறும்; குறைந்த எடையில் ஈரத்தைக் கழித்தால் வருவது ஆவியாகும் பொருள். கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகை மண்ணால் மூடுவதும் இதே காரணத்துக்குத்தான்: காற்றுப் பட்டால் எரிந்துவிடும், மூடினால் கரியாகும். மூன்றாவது கிராமைத் திறந்த தட்டில் 815 டிகிரியில் முழுக்க எரித்தால் மிஞ்சுவது சாம்பல். நூறிலிருந்து இந்த மூன்றையும் கழித்தால் வருவது நிலைக்கார்பன். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1350 இப்படித்தான் விதித்திருக்கிறது.

கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன் என்று தனிமம் தனிமமாகப் பிரித்துப் பார்க்கும் ஆய்வும் உண்டு. கந்தகம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் புகைபோக்கி என்ன கக்கும் என்று சொல்ல முடியும்.

ஆனால் 4,000 டன்னுக்கு ஒரு கிராம் எப்படிச் சாட்சி சொல்லும்? சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசி மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்ப்பவர்கள் நாம். சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் ஜவ்வரிசிக்கு மாதிரி பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். கரியிலும் அப்படியே. பல இடங்களில் அள்ளி, உடைத்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மறுபடி குவிப்பார்கள். அது சின்னப் பொட்டலமாகும்வரை வேலை நடக்கும். விற்றவருக்கு ஒரு பங்கு, வாங்கியவருக்கு ஒரு பங்கு, தகராறு வந்தால் பிரித்துப் பார்க்க முத்திரை வைத்த பங்கு ஒன்று. இதற்கென்றே தன்பாத்திலுள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற மூன்றாம் ஆட்களும் வந்து மாதிரி எடுப்பதுண்டு. குவியலோரம் கிடக்கும் பெரிய கட்டியை மட்டும் பொறுக்கினால் ஒரு விடை, தூளை மட்டும் அள்ளினால் வேறு விடை. அத்தனை சண்டையும் அங்கேதான்.

விலையை முடிவுசெய்வது வெப்பம். தடித்த எஃகுக் குடுவையில் ஒரு கிராம் கரியை வைத்து, ஆக்சிஜனை அழுத்தி நிரப்பி, தண்ணீருக்குள் அமிழ்த்தி, மின்கம்பியால் பற்றவைக்கிறார்கள். பாம் கலோரிமீட்டர் என்று பெயர். பயப்பட வேண்டாம், வெளியே சத்தமே கேட்காது. சுற்றியிருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீர் ஒன்றரை டிகிரிபோலச் சூடேறும். அந்த ஒன்றரை டிகிரியில்தான் கோடிக்கணக்கான ரூபாய் நிற்கிறது. 2012 ஜனவரி முதல் இந்தியாவில் நிலக்கரிக்கு ஜி-1 முதல் ஜி-17 வரை பதினேழு படிகள். கிலோவுக்கு 7,000 கிலோ கலோரிக்கு மேல் தந்தால் ஜி-1. அதற்குக் கீழே 300 கிலோ கலோரி குறையக் குறைய ஒரு படி இறக்கம். 2,200-க்கும் 2,500-க்கும் நடுவில் இருந்தால் ஜி-17. மழையில் நனைந்த கரியும் வெயிலில் காய்ந்த கரியும் ஒரே தராசில் நிற்க வேண்டும் அல்லவா? அதனால் 40 டிகிரி வெப்பம், 60 சதவீதக் காற்று ஈரப்பதம் என்ற ஒரே நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் படி சொல்வார்கள்.

மேட்டூரில் 1987-க்கும் 1990-க்கும் இடையில் வந்த 210 மெகாவாட் அலகுகள் நான்கு, பிறகு வந்த 600 மெகாவாட் அலகு ஒன்று, ஆக 1,440 மெகாவாட். யூனிட்டுக்கு 700 கிராம் கரி என்று வைத்துக்கொண்டால், முழு வீச்சில் ஓடும் நாளில் ஆறு கூட்ஸ் வண்டி வேண்டும். கரி 4,000 கிலோ கலோரியிலிருந்து 3,400-க்கு இறங்கினால் அதே மின்சாரத்துக்கு ஏழாவது வண்டியைக் கூப்பிட வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கரியின் முதிர்ச்சி வேறு, தரம் வேறு. நம் ஊர்த் தென்னையை நினைத்துக்கொள்ளுங்கள். இளநீர், வழுக்கை, தேங்காய், கொப்பரை. முற்ற முற்றத் தண்ணீர் வற்றிச் சத்து இறுகும். புதைந்த மரமும் அப்படித்தான். நீலகிரிச் சதுப்புகளில் கிடக்கும் பீட், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, தால்ச்சரின் பிட்டுமினஸ், கடைசியாகக் கல்போல மின்னும் ஆந்த்ரசைட். மண்ணுக்கடியில் சூடும் அழுத்தமும் ஏற ஏற ஈரம் போகும், ஆக்சிஜன் போகும், கார்பன் கூடும். மெருகேற்றிய கரித்துண்டை நுண்ணோக்கியில் வைத்து, விழும் ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்புகிறது என்று அளந்தே முதிர்ச்சியைச் சொல்லிவிடுவார்கள். இளங்கரி மங்கல், முதிர்ந்த கரி பளபளப்பு.

கொப்பரையில் மண் கலந்தால் அது இளநீர் ஆகிவிடாது, விலைதான் விழும். தால்ச்சர் கரிக்கு நேர்ந்தது அது. 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்களோடு ஆற்று வண்டலும் சேர்ந்து படிந்துவிட்டது. கழுவினாலும் முழுக்கப் பிரியாது. நெய்வேலிக் கரி வயதில் இளையது. சாம்பல் சொற்பம், ஆனால் ஏறத்தாழப் பாதி எடை தண்ணீர். அதனால்தான் அதைத் தொலைவுக்கு ஏற்றாமல் சுரங்க வாசலிலேயே எரிக்கிறார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு கிராம் தூளை மூடிய குப்பியில் வேகமாகச் சூடேற்றினால் சில கரி உருகி, ஒட்டி, பணியாரம்போல உப்பும். உப்பலுக்குப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை மதிப்பெண். அப்படி உப்புகிற கரியில்தான் இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலைக்கு வேண்டிய கற்கரி (கோக்) கிடைக்கும். தால்ச்சர் கரி பொதுவாகத் தூளாகவே கிடக்கும். நெய்வேலிக் கரியும் ஒட்டாது. நம் சேலத்தின் கதையே இதில் அடங்கியிருக்கிறது. கஞ்சமலையில் இரும்புத் தாது உண்டு, ஒட்டும் கரி இல்லை. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தபோது மரக்கரியை நம்பித்தான் தாதுவை உருக்க வேண்டியிருந்தது. நெய்வேலிக் கரியால் சேலத்துத் தாதுவை உருக்கலாமா என்ற பேச்சு சுதந்திரத்துக்குப் பிறகு பலமாக இருந்தது. 1970-இல் அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலையோ, கடைசியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாகத்தான் எழுந்தது.

இப்போது கேட்டுக்குத் திரும்புவோம். வந்த கரியில் நூற்றுக்கு 40 சாம்பல், 10 ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தெட்டு பெட்டியில் இருபத்து மூன்று சாம்பல், ஆறு தண்ணீர். எரியப்போவது மிச்சமிருக்கும் இருபத்தொன்பது, சரிபாதி. தண்ணீர் ஆவியாகி வானத்துக்குப் போய்விடும். சாம்பலுக்குப் போக இடமில்லை. ஒரு பங்கு சாம்பல் குட்டைக்கும், இன்னொரு பங்கு சிமெண்டுக்கும், செங்கல் அறுக்கும் பட்டறைகளுக்கும் போகிறது. ரயில் பாதையோரம் யாரோ கட்டிவரும் வீட்டைப் பாருங்கள். இன்னும் பூசாத சுவரில் சாம்பல் நிறக் கற்கள் தெரிகின்றனவே, பிள்ளைகள் எண்ணிய பெட்டிகளில் ஒன்றிரண்டு அங்கேதான் அடுக்கியிருக்கிறது.