வெயிலில் காக்கும் புரதம்



ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேருக்குப் போயிருப்பீர்கள். காலையில் வடம் பிடித்தாலும் தேர் நிலைக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? 40 டிகிரியெல்லாம் இங்கே ஒரு செய்தியே இல்லை. அந்த வெயிலில் வடம் இழுப்பவரின் உடல் சூடேறும்போது உயிரணுக்களுக்குள் ஓர் அவசர வேலை தொடங்குகிறது.

புரதம் என்பது நீளமான சங்கிலி. சரியாக மடிந்திருந்தால்தான் அது வேலை செய்யும். சூடு பட்டால் மடிப்பு குலையும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாகிறதே, அதுவும் இப்படித்தான். குலைந்ததைப் பிடித்து மறுபடி மடிக்க உயிரணு சில புரதங்களை மளமளவென்று தயாரிக்கிறது. அவைதான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்.

இவை தெரியவந்ததே தற்செயலாகத்தான். இத்தாலியில் விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசாவின் ஆய்வகத்தில் பழ ஈக்கள் இருந்த பெட்டியின் சூட்டை யாரோ தெரியாமல் கூட்டிவிட்டார்கள். ஈக்களின் குரோமோசோம்களில் புதுப்புது வீக்கங்கள் தென்பட்டன. 1962-ல் அதை வெளியிட்டார் ரிட்டோசா. முதலில் அனுப்பிய பெரிய இதழ் திருப்பி அனுப்பிவிட்டதாம். பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார். அந்த வீக்கங்களிலிருந்து உருவாகும் புரதங்கள் 1974-ல்தான் பிடிபட்டன.

இவை நமக்கு மட்டும் காவல் இல்லை என்பதுதான் சங்கடம். புற்றுநோய் உயிரணுவில் பிறழ்ந்த புரதங்கள் ஏராளம். தாமாக நிற்கத் தெம்பில்லாதவை. வெப்ப அதிர்ச்சிப் புரதங்களில் ஒன்றான எச்.எஸ்.பி. 90 அவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. மார்பகப் புற்றுநோயில் பேசப்படும் ஹெர்-2 புரதமும் அதன் தயவில்தான் நிற்கிறது. அப்படியானால் எச்.எஸ்.பி. 90-ஐ முடக்கினால் பல புரதங்கள் ஒரே நேரத்தில் சரியுமே? மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி சுரக்கும் ஜெல்டானமைசின் அதைத்தான் செய்கிறது என்று 1994-ல் தெரிந்தது.

அதற்குப் பிறகு இந்த வழியில் எத்தனையோ மருந்துகள் சோதனைக்கு வந்தன. சில கல்லீரலைக் கெடுத்தன, சில கண்ணைப் பாதித்தன. நல்ல உயிரணுவுக்கும் அந்தப் புரதம் வேண்டுமல்லவா? போதாக்குறைக்கு, எச்.எஸ்.பி. 90-ஐ அடைத்தால் இன்னொரு வெப்ப அதிர்ச்சிப் புரதமான எச்.எஸ்.பி. 70 பெருகிப் புற்றுநோய்க்குத் துணை நிற்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்காக நடந்த பெரிய சோதனை ஒன்று பலன் தராததால் 2015-ல் நிறுத்தப்பட்டது. கடைசியில் 2022-ல் ஜப்பான், இரைப்பை-குடலில் வரும் ஒருவகைக் கட்டிக்கு, மற்ற மருந்துகள் கைவிட்ட நிலையில் கொடுக்க பிமிடெஸ்பிப் என்ற மருந்தை அனுமதித்தது. நோய் முற்றாமல் இருந்த காலம் 1.4 மாதத்திலிருந்து 2.8 மாதமானது. அறுபது ஆண்டு உழைப்புக்கு இது சின்னப் பலன்தான்; ஆனால் பொய்யில்லாத பலன்.

நம்மூர் சமாசாரம் ஒன்றும் இதில் இருக்கிறது. வேம்பில் கிடைக்கும் கெடுனின் என்ற பொருள் எச்.எஸ்.பி. 90-இன் வேலையைத் தடுப்பதாக 2006-ல் ஆய்வகத்தில் கண்டார்கள். இந்த மாதிரிச் செய்தி நம் கைப்பேசிக்கு வருவதற்குள் "வேப்பிலைச் சாறு புற்றுநோயைக் குணமாக்கும்" என்று ஆகிவிடுகிறது. பிரித்தெடுத்த ஒரு பொருள் தட்டில் வளர்த்த உயிரணுக்களிடம் காட்டிய வேலை அது. அந்த அளவு நாம் குடிக்கும் சாற்றிலிருந்து கட்டிக்குப் போய்ச் சேரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வருஷப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி தாராளமாகச் சாப்பிடுங்கள். வீட்டில் யாருக்காவது புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறதென்றால், சாற்றை நம்பி அதை நடுவில் நிறுத்திவிடாதீர்கள். கஷாயமோ சூரணமோ எது கொடுப்பதானாலும் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.