ஊராட்சி யார் கையில்?

(மூலக்குளத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

கலந்தாலோசித்துக் காரியமாற்றுவது நம் மார்க்கம் கற்றுத்தந்த முறை. திருக்குர்ஆனில் 'அஷ்ஷூரா' என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் ஊர்ப் பொதுக்காரியத்தில் அந்த ஆலோசனைக்கு இடமில்லாமல் போனது!

புதுச்சேரிக்கு உள்ளாட்சி புதிதல்ல. 1880-லேயே பிரெஞ்சு ஆட்சியில் கொம்யூன்களுக்குத் தேர்தல் வந்தது. ஆயினும் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் காத்திருந்து, 2006-ல்தான் மறுபடி வாக்களித்தோம். 2011-ல் அந்த மன்றங்களின் காலம் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் வழக்கில் நின்றது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தமோ, ஐந்தாண்டு முடியுமுன்பே அடுத்த தேர்தலை நடத்தச் சொல்கிறது!

இதனால் யாருக்கு நட்டம்? வாய்க்கால் அடைத்தாலும், மையவாடிக்குப் பாதை வேண்டினாலும், வார்டு உறுப்பினரை வழிமறித்துக் கேட்கலாம். அதிகாரியிடம் மனுதான் கொடுக்கலாம். அவர் பதில் சொல்வது மேலிடத்துக்கு. ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வரும் கட்டாயம் அவருக்கில்லை.

சட்டமன்றத் தொகுதியில் நம் நூறு ஓட்டு கரைந்துபோகும். கிராமத்து வார்டிலோ அதே நூறு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. நம் சகோதரிகளும் முன்வர வேண்டும்.

இது நமக்கு மட்டுமான கோரிக்கையல்ல. குப்பத்து மீனவருக்கும் சேரித் தொழிலாளிக்கும் இதே குறைதான். அவர்களோடு சேர்ந்து, ஒவ்வொரு ஜமாஅத்தும் தேர்தல் கோரித் தீர்மானம் நிறைவேற்றட்டும். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரை இன்றே பாருங்கள்!